ஜெக்கில் வீட்டின் பின்வாசல்: விக்டோரிய கோதிக் கதைகளில் இரட்டை வாழ்வையும் கௌரவத்தையும் வாசிக்கும் முறை

'டாக்டர் ஜெக்கிலும் மிஸ்டர் ஹைடும்' பற்றி எழுதச் சொன்னால், "ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் ஒரு நல்லவனும் ஒரு கெட்டவனும் இருக்கிறார்கள்" என்று எழுதித் தருபவர்கள் அநேகம். அந்த வரியை எழுத நாவலைத் திறக்கவே வேண்டியதில்லை, சினிமா சுவரொட்டி போதும். நாவலுக்குள் இருப்பது வேறு. ஜெக்கில் தன் வாக்குமூலத்தில் முதலில் ஒப்புக்கொள்ளும் குறை கொஞ்சம் பொறுமையற்ற குஷி சுபாவம், அவ்வளவுதான். எத்தனையோ பேர் அதை வைத்துக்கொண்டு சந்தோஷமாகவே இருந்திருக்கிறார்கள் என்றும் அவரே சொல்கிறார். அவருக்கு மட்டும் அது பாரமானது ஏன்? ஊர் முன்னால் தலை நிமிர்ந்து, மற்றவர்களைவிடக் கூடுதல் கம்பீர முகத்தோடு நடக்க வேண்டும் என்ற ஆசை அவரை விடவில்லை. பிளவு அங்கே தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரட்டை மனிதர்களை வாசிக்க இதையே பிடிமானமாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கௌரவத்தைத் தேடுங்கள், பிசாசு தானாக வந்து சேரும்.

வகுப்புக் கட்டுரை எழுதுபவர்களுக்கும் வாசகர் வட்டத்தில் பேச வேண்டியவர்களுக்கும் பயன்படும்படி, ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் இந்தக் குறுநாவலை மையமாக வைத்து முறையைச் சொல்லலாம். சுமார் 25,000 சொற்கள், 10 அத்தியாயங்கள். ஒரு மாலையில் முடிந்துவிடும். முடிந்துவிடுவதுதான் ஆபத்து, வேகமாகப் படிப்பவர்கள் எட்டு அத்தியாயங்களைத் தாண்டி ஓடிப்போய்க் கடைசி இரண்டை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்.

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்ளுங்கள்

ரெஸ்பெக்டபிலிட்டி என்ற சொல்லுக்குத் தமிழில் 'மானம்' என்று குறித்துக்கொண்டால் தொடக்கத்திலேயே தடம் மாறிவிடும். மானம் உள்ளே இருப்பது. மயிர் நீப்பின் வாழாக் கவரிமாவுக்குப் பார்வையாளர் யாரும் தேவையில்லை. விக்டோரிய நடுத்தர வர்க்கத்தின் ரெஸ்பெக்டபிலிட்டியோ பார்வையாளர் இல்லாமல் ஒரு நாள்கூட நிற்காது. அதற்கு நல்ல தெருவில் வீடு வேண்டும், வாசல் திறக்க ஒரு வேலையாள் வேண்டும், வங்கியில் கணக்கு வேண்டும், பெயருக்குப் பின்னால் எழுத்துகள் வேண்டும். ஜெக்கிலின் உயிலில் அவர் பெயருக்குப் பின் எம்.டி., டி.சி.எல்., எல்.எல்.டி., எஃப்.ஆர்.எஸ். என்று வரிசை நீள்கிறது. 'கௌரவம்' இதற்குப் பக்கத்தில் வருகிறது. 'பெரிய மனுஷத்தனம்' இன்னும் பக்கம்.

கிரெடிட் என்ற சொல்லையும் கவனித்து வையுங்கள். நற்பெயர், கடன் நம்பகம் இரண்டும் அதில் அடக்கம். எட்டாம் அத்தியாயத்தில் ஆய்வறைக் கதவை உடைத்து, தரையில் ஒரு பிணத்தைப் பார்த்த பிறகும் வழக்கறிஞர் அட்டர்சனுக்கு வரும் கவலை எஜமானரின் கிரெடிட்டையாவது காப்பாற்றலாம் என்பதுதான். அதற்காகக் கையில் கிடைத்த காகிதத்தைப் பற்றி வாய் திறக்க வேண்டாம் என்று பட்லர் பூலிடம் தீர்மானமாகச் சொல்கிறார்.

தமிழ் வாசகருக்கு இன்னொரு வழுக்கல் இருக்கிறது. 'உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசுவது' என்ற நம் பழகிய தொடர் உடனே நாக்கில் வந்துவிடும். அதை அப்படியே போட்டால் ஜெக்கில் வெறும் வேஷதாரி ஆகிவிடுவார். தன் இரண்டு பக்கங்களும் முழு உண்மையோடுதான் இயங்கின, தான் போலி இல்லை என்பது ஜெக்கிலின் வாதம். நோயாளிகளுக்கு உதவும்போதும் அவர் நடிக்கவில்லை, வெட்கத்தில் புரளும்போதும் நடிக்கவில்லை. இந்த வாதத்தை நம்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் அதை எதிர்கொள்ளாமல் 'பாசாங்கு' என்று முத்திரை குத்துவது பிரதியைப் படிக்காததற்குச் சமம்.

இரண்டு தடவை படிப்பது

1886 ஜனவரியில் லாங்மன்ஸ் வெளியீடாக ஒரு ஷில்லிங்குக்கு இந்தப் புத்தகத்தை வாங்கியவருக்கு ஜெக்கிலும் ஹைடும் ஒருவரே என்பது தெரியாது. ஒன்பதாம் அத்தியாயத்தில், ஜெக்கிலின் பழைய நண்பர் டாக்டர் லான்யன் எழுதிவைத்த கடிதத்தில்தான் அது உடைகிறது. நமக்கோ புத்தகத்தைத் தொடும் முன்பே தெரியும். எனவே முதல் தடவை படிக்கும்போது அந்த அறிவை வலிந்து ஒதுக்கிவைத்து, அட்டர்சனின் ஊகத்தையே உங்கள் ஊகமாக எடுத்துக்கொள்ளுங்கள். அவர் நினைப்பது பிளாக்மெயில். மதிப்பான ஒரு டாக்டர், முகத்தில் விழிக்கக் கூசும் ஓர் இளைஞனுக்குச் சாவியும் காசோலையும் சொத்தும் தருகிறார் என்றால் பழைய பாவம் ஏதோ கையும் களவுமாகச் சிக்கியிருக்க வேண்டும். உறவினர் என்ஃபீல்ட் அந்த வீட்டுக்கே பிளாக்மெயில் வீடு என்று பெயர் வைத்திருக்கிறார்.

இப்படிப் படித்தால் ஒன்று பிடிபடும். இந்தக் கனவான்களுக்குப் பிளாக்மெயில் அதிர்ச்சி தரும் செய்தியே இல்லை, எதிர்பார்த்த செய்தி. நண்பனிடம் மறைக்க வேண்டிய ஏதோ ஒன்று இருக்கும் என்பதை எல்லோரும் முன்கூட்டியே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். எவ்வளவுக்கு எவ்வளவு விஷயம் ஏடாகூடமாகத் தெரிகிறதோ அவ்வளவுக்கு அவ்வளவு கேள்வி கேட்பதைக் குறைப்பது என்ஃபீல்டின் கொள்கை. அதிகாலை 3 மணிக்கு எங்கேயோ உலகத்தின் ஒரு மூலையிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்ததாக அவரே சொல்கிறார். எங்கிருந்து என்று அட்டர்சன் கேட்பதில்லை. நாவலும் கேட்பதில்லை.

இரண்டாம் தடவைக்கு ஒரு நோட்டும் பென்சிலும் வேண்டும். பக்கத்தை நான்கு பத்தியாகப் பிரித்து, வாசல்–ஜன்னல், பணம்–காகிதம், மௌனம், உடம்பு என்று தலைப்பிடுங்கள். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒவ்வொரு பத்தியிலும் ஒரு குறிப்பாவது விழ வேண்டும். விழவில்லை என்றால் அந்த அத்தியாயத்தை அவசரமாகக் கடந்திருக்கிறீர்கள்.

முதல் அத்தியாயத்தை வைத்துச் செய்து பார்க்கலாம். ஹைட் ஒரு சிறுமியை மிதித்துவிட்டு நடக்கிறான். கூட்டம் சேர்கிறது, ஒரு மருத்துவர் வருகிறார். அவர்கள் போலீஸைக் கூப்பிடவில்லை. லண்டனின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை உன் பெயரை நாற அடிப்போம் என்று மிரட்டுகிறார்கள். ஹைடின் பதில்தான் இங்கே முக்கியம். வீண் ரகளையைத் தவிர்க்க நினைப்பவன்தான் கனவான், தொகையைச் சொல்லுங்கள் என்கிறான். 100 பவுண்டு, அன்றைய வீட்டு வேலைக்காரப் பெண்ணின் பல ஆண்டுச் சம்பளம். 10 பவுண்டு தங்கக் காசாகவும் மீதி கூட்ஸ் வங்கிக் காசோலையாகவும் வருகிறது. காசோலை செல்லுமா என்ற சந்தேகத்தில் டாக்டர், சிறுமியின் தகப்பன், என்ஃபீல்ட், ஹைட் நால்வரும் என்ஃபீல்டின் அறையில் விடியும்வரை உட்கார்ந்திருந்து, காலை உணவை முடித்துக்கொண்டு, ஒன்றாக வங்கிக்குப் போகிறார்கள். குழந்தையை மிதித்தவனோடு காலைச் சாப்பாடு! பணம் பத்தியிலும் மௌனம் பத்தியிலும் இதைக் குறித்துவையுங்கள். முதலில் மிரட்டிப் பணம் கறந்தவர்கள் யார் என்ற கேள்வியையும் பக்கத்தில் எழுதுங்கள். அத்தியாயம் முடியும்போது இனி இதைப் பற்றிப் பேசுவதில்லை என்று என்ஃபீல்டும் அட்டர்சனும் கை குலுக்கி ஒப்பந்தம் செய்கிறார்கள்.

மௌனப் பத்திதான் வேகமாக நிரம்பும். மூன்றாவதில் ஜெக்கில் இந்த விஷயத்தைத் தூங்கவிடச் சொல்கிறார். ஐந்தாவதில் தலைமை எழுத்தர் கெஸ்ட், ஹைடின் கடிதத்தையும் ஜெக்கிலின் அழைப்புச் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எழுத்து பல அம்சங்களில் ஒன்றேதான், சாய்வுதான் வேறு என்கிறார். அதன் பொருள் நண்பர் ஒரு கொலைகாரனுக்காகக் கள்ளக் கடிதம் எழுதியிருக்கிறார் என்பது. அட்டர்சன் செய்வது என்ன? கடிதத்தைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டுகிறார். ஆறாவதில் லான்யனின் உறையைப் பிரிக்காமல் அதே இடத்தில் சேர்க்கிறார். ஏழாவதில் ஜன்னலில் ஜெக்கிலின் முகம் மாறுவதைப் பார்த்த அட்டர்சனும் என்ஃபீல்டும் ஒரு தெருவைக் கடக்கும்வரை பேசுவதில்லை. எட்டாவதில், எஜமானரின் அறையில் வேறு யாரோ இருக்கிறார்கள் என்ற பயத்தில் வேலைக்காரர்கள் எல்லோரும் நடுக்கூடத்து அடுப்பருகே ஒண்டி நிற்கும்போது அட்டர்சன் சொல்லும் முதல் வார்த்தை கண்டிப்பு: இது முறையில்லை, பார்க்க நன்றாயில்லை. உயிர் போகிற நேரத்திலும் பார்க்க நன்றாயிருக்க வேண்டும்.

வீட்டின் படம் வரையுங்கள்

இதைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம். கால் மணி நேர வேலை, ஆனால் பத்துப் பக்கக் குறிப்பைவிடப் பயன். வெள்ளைத் தாளில் மேலே ஒரு சதுக்கம் போடுங்கள். அங்கே பழைய, அழகான வீடுகள். பெரும்பாலானவை நொடித்துப்போய்ப் பகுதி பகுதியாக வாடகைக்குப் போய்விட்டன. ஜெக்கிலின் வீடு மட்டும் செழிப்பும் வசதியும் தெரிய நிற்கிறது. முன்வாசல், கூடம், பின்னால் முன்பு தோட்டமாக இருந்த முற்றம். முற்றத்தைத் தாண்டினால் ஆய்வுக்கூடம். ஒரு பிரபல அறுவை மருத்துவரின் வாரிசுகளிடமிருந்து ஜெக்கில் வாங்கிய வீடு என்பதால் அது முன்னாள் பிண அறுப்புக்கூடம். அதிலிருந்து படியேறினால் சிவப்புக் கம்பளித் துணி போர்த்த கதவு, உள்ளே தனியறை. இரும்புக் கம்பி போட்ட மூன்று ஜன்னல்கள், கண்ணாடி அலமாரிகள், ஆளுயர நிலைக்கண்ணாடி. ஆய்வுக்கூடத்திலிருந்து இன்னொரு நடை சந்துத் தெருவுக்குப் போகிறது. அங்கேதான் மணியோ தட்டுவளையமோ இல்லாத, வண்ணம் கொப்புளித்த அந்தக் கதவு.

வரைந்து முடித்தபின் இரண்டு வாசலிலும் கையை வைத்துப் பாருங்கள். ஒரே வீடு. கதையின் பாதி மர்மம் இந்த ஒரு கட்டட உண்மையில்தான் தொங்குகிறது. சதுக்கத்துக்காரர்களுக்குப் பின்வாசல் தெரியாது, சந்துக்காரர்களுக்கு முன்வாசல் தெரியாது. என்ஃபீல்டே இதைப் பிறகுதான் கண்டுபிடிக்கிறார். ஹைட் இங்கே சாப்பிடுவதே இல்லை, பெரும்பாலும் ஆய்வுக்கூட வழியாக வந்து போகிறான் என்கிறார் பூல். ஜெக்கிலை ஹைடாக மாற்றும் மருந்தை மறந்துவிட்டு இந்தப் படத்தை மட்டும் வைத்தே இரட்டை வாழ்வைப் பற்றி ஒரு கட்டுரை எழுத முடியும்.

ஹைடின் சோஹோ வீட்டையும் தனியாக ஒரு மூலையில் குறியுங்கள். சேற்று மூடுபனி, ஜின் கடை, கந்தல் பிள்ளைகள் நடுவே இருக்கும் அந்த வீட்டுக்குள் நல்ல ஒயின், வெள்ளித் தட்டுகள், நேர்த்தியான மேசை விரிப்புகள், சுவரில் நல்ல ஓவியம். வங்கியில் அவன் பெயரில் பல ஆயிரம் பவுண்டு. 'ஹைட் என்பவன் அடித்தட்டு வர்க்கம், ஜெக்கில் மேல்தட்டு' என்று பிரிப்பவர்கள் இந்த ஒயின் அலமாரியில் முட்டிக்கொள்வார்கள். ஹைடுக்கும் நல்ல ரசனை வேண்டும், வங்கிக் கணக்கு வேண்டும். பெயருக்கு முன்னால் 'மிஸ்டர்' தலைப்பிலேயே இருக்கிறது.

வாக்குமூலத்தை வழக்கறிஞர்போல் படியுங்கள்

பத்தாம் அத்தியாயம் உண்மையைச் சொல்லும் இடம் என்று எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. அது குற்றம் சாட்டப்பட்டவர் தன்னைப் பற்றித் தானே எழுதிய மனு. முதல் எட்டு அத்தியாயங்களில் கதைசொல்லி அட்டர்சனின் தோளுக்குப் பின்னால் நிற்கிறார். பிறகு லான்யன் பேசுகிறார், பிறகு ஜெக்கில். கதைசொல்லி திரும்பி வருவதே இல்லை. அட்டர்சன் இந்தத் தாள்களைப் போலீஸிடம் கொடுத்தாரா, இல்லை அவற்றையும் பெட்டகத்தில் பூட்டினாரா, நாவல் சொல்லவில்லை. புது உயிலில் ஹைடின் பெயர் இருந்த இடத்தில் அட்டர்சனின் பெயர் இருக்கிறது என்பதையும் சேர்த்து யோசித்தால், அந்த முடிவு இன்னும் சங்கடமாகும்.

வாக்குமூலத்தில் மூன்று நிறங்களால் அடிக்கோடு போடுங்கள். 'நான்' என்று ஜெக்கில் தன்னைச் சொல்லும் இடத்துக்கு ஒன்று, 'நான்' என்று ஹைடின் செயலைச் சொல்லும் இடத்துக்கு ஒன்று, 'அவன்' என்பதற்கு ஒன்று. சர் டான்வர்ஸ் கேரு என்ற முதியவரை ஹைட் கொல்லும் இடத்தில் தடியை வீசும் ஆனந்தம் 'நான்' என்றே வருகிறது. பிற்பாடு, 'அவன் என்கிறேன், நான் என்று சொல்ல முடியவில்லை' என்று அவரே நிறுத்திச் சொல்லும் இடம் வரும். குற்றம் எங்கே கைமாறுகிறது என்பதை இந்த நிறங்கள் காட்டிவிடும்.

அதே தாளில் ஒரு திருப்பத்தையும் குறியுங்கள். தொடக்கத்தில் ஹைட் என்பவன் ஜெக்கிலின் மறைவிடம். கண்ணாடியில் ஊதிய மூச்சுபோல ஹைட் மறைந்துவிட்டால், வீட்டில் அமைதியாக அமர்ந்து சந்தேகத்தைப் பார்த்துச் சிரிக்கும் ஜெக்கில் மிஞ்சுவார். அக்டோபரில் சர் டான்வர்ஸ் கேருவின் கொலைக்குப் பின் நிலைமை தலைகீழ். தூக்குமேடை காத்திருக்கும் ஹைடுக்கு ஜெக்கிலின் முகம்தான் அடைக்கலம். நற்பெயர் என்ற அதே மேலங்கி, இப்போது அணிபவன் வேறு. கௌரவம் பற்றிய கட்டுரைக்கு முதுகெலும்பாக நிற்கக்கூடிய இடம் இதைவிட நாவலில் வேறில்லை.

வாக்குமூலம் சொல்லாமல் விடுவதையும் பட்டியலிடுங்கள். ஹைடாக மாறி ஜெக்கில் தேடிய இன்பங்கள் என்னென்ன? கண்ணியமற்றவை, அதைவிடக் கடினமான சொல் தேவையில்லை என்று முடித்துக்கொள்கிறார். இந்த வெற்றிடத்தைப் பார்த்தவுடன் நிரப்பத் தோன்றும். விபச்சாரம், ஒருபால் உறவு, அபின் என ஒவ்வொரு தலைமுறையும் தன் பயத்தை அதில் ஊற்றியிருக்கிறது. நிரப்பாதீர்கள். 'இங்கே வெற்றிடம் இருக்கிறது, அதை யார் எப்படிக் காப்பாற்றுகிறார்கள்' என்று எழுதினால் பிரதியில் சான்று உண்டு. 'இதுதான் அது' என்று எழுதினால் சான்று கிடையாது.

கணக்கும் சரியாக இருக்க வேண்டும். மருந்து ஜெக்கிலை நல்லவன் ஒருவன், கெட்டவன் ஒருவன் என்று இரண்டாக்கவில்லை. ஹைட் கலப்பில்லாத தீமை. ஜெக்கில் பழைய கலவையாகவே மிஞ்சுகிறார், அதைப் பற்றி அவரே நொந்துகொள்கிறார். மருந்துக்குத் தனி ஒழுக்கம் கிடையாது, உயர்ந்த நோக்கத்தோடு குடித்திருந்தால் தேவதை வெளிவந்திருக்கும் என்றும் சொல்கிறார். மனிதன் இரண்டு என்பதுகூட அவருடைய இறுதி முடிவு இல்லை; தன் அறிவு அந்த அளவோடு நிற்கிறது, பின்னால் வருபவர்கள் மனிதனைப் பலர் வாழும் குடியிருப்பாகக் காண்பார்கள் என்று ஊகிக்கிறார். கடைசியில் அவரைக் கைவிடுவது முதலில் வாங்கிய உப்பில் இருந்த கலப்படம். அது தூய்மையற்றதாக இருந்ததால்தான் வேலை செய்தது. பிரித்தெடுக்க நினைத்தவரின் மருந்தே கலப்படத்தால் பலித்தது என்பதை எத்தனை கட்டுரைகள் கவனிக்கின்றன என்று பாருங்கள், மிகச் சிலதான்.

மற்ற இரட்டையர்களோடு ஒப்பிடும்போது

ஒப்பீட்டுக்கு மூன்று கேள்விகள் போதும். இரட்டையை வரவழைத்தது யார்? அது எங்கே வசிக்கிறது? கடைசியில் யாருடைய பிணம் கிடைக்கிறது? மூன்றாவது கேள்வி விளையாட்டாகத் தோன்றும், ஆனால் அதுதான் நன்றாக வெட்டும்.

எட்கர் ஆலன் போவின் 'வில்லியம் வில்சன்' 1839இல் வந்தது. கதைசொல்லிக்கு அதே பெயர், அதே தோற்றத்தில் ஒருவன் பள்ளி நாளிலிருந்து தொடர்கிறான். குரல் மட்டும் கிசுகிசுப்புக்கு மேல் எழாது. (ஹைடின் குரலும் கரகரத்த கிசுகிசுப்புதான்.) இங்கே கெட்டவன் கதைசொல்லி, தொடர்ந்து வருபவன் மனசாட்சி. சீட்டாட்டத்தில் ஏமாற்றும்போது எல்லோர் முன்னிலையிலும் அவன் மானத்தை வாங்குவதும் அந்த இரட்டைதான். ஹைடின் கணக்கை அப்படியே இதற்குப் போட்டால் விடை தலைகீழாகத்தான் வரும்.

ஜேம்ஸ் ஹாக் 1824இல் பெயர் போடாமல் வெளியிட்ட ஸ்காட்லாந்து நாவலில் ராபர்ட் ரிங்கிம் மதவாதி. தான் கடவுளால் முன்பே தேர்ந்தெடுக்கப்பட்டவன், எந்தப் பாவமும் தன் மீட்பைக் கெடுக்காது என்ற நம்பிக்கையோடு கில்-மார்ட்டின் என்ற அந்நியனின் பேச்சுக்குக் கொலை செய்கிறான். அவனிடம் குற்றத்தை மறைக்கும் முகமூடி என்று தனியாக எதுவும் இல்லை. அவனுடைய பக்தியே குற்றத்துக்கான அனுமதிச் சீட்டு. ஒரே நிகழ்ச்சியை முதலில் பதிப்பாசிரியர் சொல்கிறார், பிறகு ரிங்கிம் சொல்கிறான், இரண்டும் ஒட்டுவதில்லை. ஜெக்கிலின் வாக்குமூலத்தைச் சந்தேகிக்கப் பழக இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

ஆஸ்கர் வைல்டின் 'டோரியன் கிரேயின் ஓவியம்' எடுக்கிறீர்கள் என்றால் எந்தப் பதிப்பு என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். 1890 ஜூலை லிப்பின்காட் மாத இதழில் வந்தது 13 அத்தியாயம், 1891 புத்தகம் 20 அத்தியாயம். ஓவியர் பேசிலைக் கொன்ற டோரியன் பொத்தான்துளையில் பார்மா வயலட் பூக்களோடு லேடி நார்பரோவின் விருந்துக்குப் போகும் அருமையான இடம் 1891இல் சேர்த்தது. 1890 பதிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அதை மேற்கோள் காட்டி மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. இங்கே இரட்டை, டோரியனுக்குப் பதிலாக மூப்படையும் ஓவியம்; அது வசிக்கும் இடம் மாடியில் பூட்டிய பழைய படிப்பறை, சாவி ஒன்றே ஒன்று. ஜெக்கிலுக்குப் பின்வாசல், டோரியனுக்கு மேல்மாடி. பணமும் கவர்ச்சியும் சேர்ந்து இருப்பவர்களைப் பற்றிச் சமூகம் கெட்டதை நம்ப விரும்புவதே இல்லை என்று 11ஆம் அத்தியாயம் வெளிப்படையாகவே சொல்கிறது. ஆலன் கேம்பெலை மிரட்டிப் பிணத்தை அழிக்க வைப்பது இன்னொரு பிளாக்மெயில். இந்தத் தடவை மிரட்டுபவன் மதிப்பான வீட்டின் சொந்தக்காரன்.

பிணங்களுக்கு வருவோம். ஜெக்கிலின் அறையில் கிடப்பது ஹைடின் உடல், ஆனால் உடுப்பு டாக்டரின் அளவு. டோரியன் வீட்டில் கிடப்பது சுருக்கம் விழுந்த கிழவன், மோதிரங்களை வைத்துத்தான் வேலைக்காரர்கள் அடையாளம் காண்கிறார்கள். வில்சன் வாளால் குத்தியபின் கண்ணாடிபோல் ஒன்றில் தன் இரத்தம் தோய்ந்த முகத்தைப் பார்க்கிறான். ரிங்கிமின் புதைகுழியிலிருந்து அவன் எழுதிய கதையே வெளியே வருகிறது. ஒவ்வொன்றிலும் அடையாளம் காட்டுவது உடம்பைத் தவிர வேறு ஏதோ ஒரு பொருள்: உடுப்பு, மோதிரம், கண்ணாடி, காகிதம்.

'ஃப்ராங்கன்ஸ்டைன்' இந்த வரிசையில் அரைகுறையாகத்தான் பொருந்தும். செய்யாத கொலைக்காக ஜஸ்டின் தூக்கில் தொங்கும்போது, சொன்னால் பைத்தியம் என்பார்களே என்று விக்டர் வாயை மூடிக்கொள்ளும் இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மேலே போகலாம்.

காலத்தை வைக்கும் முறை

ஆண்டுகளைக் கட்டுரையில் கொட்டுவது சுலபம், ஒட்டவைப்பது கடினம். நான்கைந்துக்கு மேல் வேண்டாம். எடின்பரோவில் பகலில் மரவேலைச் சங்கத் தலைவரும் நகரசபை உறுப்பினருமாகவும், இரவில் கன்னக்கோல்காரராகவும் வாழ்ந்து 1788இல் தூக்கிலிடப்பட்ட டீக்கன் பிராடியைச் சேர்க்கலாம். ஸ்டீவன்சன் அவரைப் பற்றிக் கவிஞர் ஹென்லியோடு சேர்ந்து நாடகமே எழுதியிருக்கிறார். டார்வினின் 'மனிதனின் வம்சாவளி' 1871, லொம்ப்ரோசோ குற்றவாளியை முகத்தில் படிக்க முயன்ற நூல் 1876: ஹைடின் குரங்குத்தனத்துக்கும், முகத்தைப் பார்த்தே பதறும் சாட்சிகளுக்கும் இவை உதவும். ஆனால் ஹைடிடம் என்ன கோணல் என்று ஒருவராலும் சொல்ல முடிவதில்லை என்பதை மறக்காதீர்கள். லொம்ப்ரோசோவின் அளவுகோல் அங்கே தோற்கிறது.

1885இல் நிறைவேறிய குற்றவியல் திருத்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவு ஆண்களுக்கிடையிலான 'மோசமான அநாகரிகத்தை' தனிமையில் நடந்தாலும் குற்றமாக்கியது. பிளாக்மெயில்காரர்களின் சாசனம் என்று அதற்குப் பெயரே வந்தது. 1895இல் வைல்டுக்கு இரண்டு ஆண்டு கடுங்காவல் கிடைத்தது இந்தப் பிரிவின்படிதான். நாவல் போர்ன்மத்தில் எழுதப்பட்டது அதே 1885இன் இலையுதிர்காலத்தில். பக்கத்தில் வைக்கலாம், ஆனால் சட்டம் நாவலைப் பிறப்பித்தது என்று எழுதக் கூடாது.

சறுக்கும் ஆண்டுகள் இரண்டு. ஜாக் தி ரிப்பர் பெயரில் அறியப்படும் லண்டன் வைட்சேப்பல் கொலைகள் 1888. நாவலுக்கு இரண்டரை ஆண்டு பின்னால். அந்த ஆகஸ்டில் லைசியம் அரங்கில் ரிச்சர்ட் மான்ஸ்ஃபீல்ட் ஜெக்கில்–ஹைடாக நடித்துக்கொண்டிருந்ததால் இரண்டும் மக்கள் மனதில் ஒட்டிக்கொண்டன. ஃப்ராய்டின் அகம், மேலகம் பற்றிய நூல் 1923. 'இட்', அதாவது மனதின் கட்டுக்கடங்காத இச்சைப் பகுதி, என்றால் ஹைட் என்று எழுதுவது எழுதுபவரின் வாசிப்பு, ஸ்டீவன்சனின் நோக்கம் ஆகாது.

மேடையும் சினிமாவும் விட்டுச்சென்ற குப்பையையும் கூட்டித் தள்ளுங்கள். நாவலில் ஜெக்கிலுக்குக் காதலி கிடையாது, நிச்சயித்த பெண்ணும் கிடையாது. அட்டர்சன், லான்யன், ஜெக்கில் மூவரும் குடும்பம் என்று ஒன்றில்லாத ஆண்கள். ஹைட் ராட்சசன் இல்லை, ஜெக்கிலைவிடக் குள்ளம், இளமை. ஐம்பது வயதுக்காரரின் தீய பக்கம் அதிகம் புழங்காததால் வளர்ச்சி குறைவு என்பதே ஜெக்கில் தரும் விளக்கம்.

எழுத உட்காரும்போது

1,500 சொல் கட்டுரைக்கு ஒரு முதன்மை நூல், ஒரே ஒரு துணை நூல், ஐந்து காட்சிகள். ஆறாவது காட்சி வந்தால் ஏதோ ஒன்று கதைச்சுருக்கமாகிவிடும். ஒவ்வொரு பத்தியையும் ஒரு பொருளிலிருந்து தொடங்குங்கள்: காசோலை, கெஸ்டின் கையில் இரண்டு கடிதங்கள், சிவப்புத் துணிக் கதவு, படுக்கை விரிப்பின் மேல் ஜெக்கில் கண்விழித்துப் பார்க்கும் மயிர் அடர்ந்த கை. 'விக்டோரிய சமூகம் ஒழுக்கத்தை வலியுறுத்தியது' என்று தொடங்கும் பத்தி எங்கேயும் போய்ச் சேராது, ஏனென்றால் அதை மறுப்பவர் யாருமில்லை.

மையக் கருத்தைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. உங்கள் வாக்கியத்தில் 'ஜெக்கில்' என்ற பெயரை எடுத்துவிட்டு 'அட்டர்சன்' என்று போட்டுப் படியுங்கள். 'ஜெக்கிலுக்குள் தீமை இருந்தது' என்பது உடனே விழுந்துவிடும். 'ஜெக்கிலின் நண்பர்கள் அவர் பெயரைக் காப்பாற்றக் காட்டிய அக்கறைதான் ஹைடை ஓராண்டுக்கு மேல் உயிரோடு வைத்தது' என்பது நிற்கும், ஏனென்றால் அதில் அட்டர்சன் ஏற்கெனவே இருக்கிறார். தனியாக இருக்கும்போது நல்ல ஒயின் ஆசையை அடக்க ஜின் குடிப்பவர், நாடகம் பிடித்தும் இருபது ஆண்டாக அரங்கு வாசலை மிதிக்காதவர் அவர். முதல் பத்தியிலேயே இது வந்துவிடுகிறது. மருந்து இல்லாமலே தன்னை இரண்டாக வெட்டிக்கொண்டு நிம்மதியாக வாழும் ஒரு மனிதரை ஸ்டீவன்சன் முதலில் அறிமுகப்படுத்துகிறார். அதற்குப் பிறகுதான் கதவைக் காட்டுகிறார்.